பத்துக்கு எத்தனை

சனிக்கிழமை ராத்திரி பதினொன்றே காலுக்கு
பெரம்பூரில் எங்கள் தெருவுக்கு மட்டும் கரண்ட் போனது.
'உப்புக்கிணறு' எட்டாவது எபிசோடு முடிந்து
பெயர்கள் மேலேறிக்கொண்டிருந்த நேரம்.
கடைசியாக நான் படித்தது
'விளக்கு உதவி' என்ற வரி.

மொட்டை மாடிக்கு ஏறினோம்.
ஜெரால்டு பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தான்,
சபியுல்லா தண்ணீர் கேனை.
ஹேமச்சந்திரன் வாயை மட்டும் கொண்டுவந்தான்.

"பத்துக்கு ஒம்பதரை.
அரை மார்க் எதுக்கு விட்டேன்னா, திமிர் ஏறிடக் கூடாது.
மழையில பாலத்து மேல
இன்ஸ்பெக்டர் நிப்பாரே, பாத்தீங்களா?
ஆறு நிமிஷம். ஒரு வசனம் கிடையாது."

"ஆறு நிமிஷம் வசனம் இல்லைன்னா
ஆறு நிமிஷம் எவனும் எழுதலைன்னு அர்த்தம்.
நான் எழுந்து போய் முட்டை தோசை ஊத்தி
தின்னு கை கழுவிட்டு வந்தேன்.
மனுஷன் அங்கயேதான் நிக்கிறார்."
ஜெரால்டு நாலுதான் போட்டான்.
அவனுக்கு மஞ்சள் மேல் கோபம்.
"வடசென்னைன்னா எதுக்குடா மஞ்சளைக் கரைச்சு ஊத்துறாங்க?
நம்ம தெருவுல எந்த பல்பு இந்த கலர்ல எரியுது?
எட்டு எபிசோடுல ஒருத்தனாவது
கத்தியைக் கீழ வச்சுட்டு டீ குடிச்சானா?"

எங்கள் தெருவில் அப்போது எந்த பல்பும் எரியவில்லை.
அதை யாரும் சொல்லவில்லை.

சபியுல்லாவுக்கு ஸ்டான்லியில் வேலை,
பிணவறையை ஒட்டிய ரெக்கார்டு ரூமில்.
அவர் பார்த்தது பாதத்தை.
"எண்ணூர் சேத்துல மூணு நாள் கிடந்த ஆளு.
நகம் வெட்டி, குதிகால் தேச்சு,
கல்யாண மாப்பிள்ளை கால் மாதிரி இருக்கு.
அதனால ஆறு."
"காலுக்காக நாலு மார்க்கா பாய்?"
"செத்தவனுக்கு வேற என்ன தெரியுது, போர்வைக்கு வெளியில?"

கொடியில் துணி எடுக்க வந்த
மூன்றாம் மாடி பொற்கொடி
நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நாலாவது எபிசோடுல,
காணாமப் போன பையன் போட்டோவை
அந்த இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்
பீரோ கண்ணாடில ஒட்டுவாரு இல்ல?"

"அதெல்லாம் ஓவர்க்கா," என்றான் ஜெரால்டு.

"பொய்தான்.
எங்க சற்குணம் போட்டோ நான் நாலு குடுத்தேன்.
ஆள் மாறி புது இன்ஸ்பெக்டர் வர்றப்பல்லாம் ஒண்ணு.
நாலாவது தடவை ஸ்டூடியோக்காரரே காசு வாங்கலை.
இப்ப ஃபைல்ல துரு வட்டம்தான் இருக்கு,
குண்டூசி இருந்த எடத்துல."
தலையணை உறையை
உள்பக்கம் வெளியாகத் திருப்பி உதறினாள்.
"அந்த சீனை மட்டும் ஒம்பது தடவை பாத்தேன்."

"அப்ப நல்லாருந்துச்சுன்னு சொல்லுங்கக்கா,"
சாட்சி கிடைத்த வக்கீல் மாதிரி ஹேமச்சந்திரன்.

"நல்லாருக்கான்னு யார் பாத்தா?
மூணு மூலை ஒட்டிக்கிச்சு. நாலாவது ஒட்டலை.
கட்டைவிரலால அமுக்கிக்கிட்டே நிக்கிறாரு,
எடுத்தா விழுந்துடும்னு."

அங்கிருந்து சண்டை வேறு பக்கம் போனது.
அது டைரக்டர் யோசித்தது என்றான் ஹேமச்சந்திரன்.
நடிகர் சொந்தமாகச் செய்தது என்றார் சபியுல்லா.
மட்டமான செலோடேப், எடிட்டரும் தூங்கிட்டான் என்றான் ஜெரால்டு.

"யாரோ செஞ்சாங்க இல்ல," என்றாள் பொற்கொடி.
துணிகளைத் தோளில் அடுக்கிக்கொண்டு
செல்போன் வெளிச்சத்தில் படி இறங்கினாள்.

ஏழு என்று சொல்ல நான் வைத்திருந்தேன்.
யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்கு கரண்ட் வந்தது.
தெருவில் ஒரே நேரத்தில் பத்து வீட்டு மோட்டார்.
கேனை வைக்க ஜெரால்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன்.
அவன் எனக்கு முன்னால் இறங்கியிருந்தான்.
செருப்பைக் கூடக் கழற்றவில்லை,
கையில் ரிமோட்,
திரையில் ஒரு கட்டைவிரல் அசையாமல்.

"சும்மா," என்றான்,
"கண்டினியூட்டி மிஸ்டேக் இருக்கான்னு பாக்குறேன்."