ஜீரோ கேட் வரிசை

நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்று நாலு.
லாரி நம்பர் வாசிப்பது போல வாசித்தாள்
திருவொற்றியூர் சுகாதார நிலையத்து நர்ஸ் ரெபேக்கா.
கையில் பட்டை சுற்றிக் காற்றடித்து
புஸ்ஸென்று இறக்கிவிட்டாள்.
அரை நூற்றாண்டு ஓடப்போகிற டயர் நான்,
எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்?

“தினமும் அரைமணி நேரம் நடங்க.
ஏழு மணி நேரம் தூங்குங்க.
கோவப்படாதீங்க.”
சிரித்துவிட்டேன்.
இருபது டன்னை முதுகில் கட்டிக்கொண்டு
எர்ணாவூரிலிருந்து ஜீரோ கேட் வரை
பதினாறு மணி நேரம் ஊர்கிறவனிடம்
சொல்கிற காரியமா இது?

மாத்திரை சுலபம்.
சின்னது. வெள்ளை.
தண்ணீர் பாட்டிலை மூடுவதற்குள் போய்விடும்.

தூக்கம் அப்படி இல்லை.
ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்தால்
காதுக்குள் பம்புசெட் ஓடும்.
முன்வண்டியின் சிவப்பு விளக்கு அணைந்ததா என்று
மூடிய இமைக்குள்ளும் பார்த்துக்கொண்டிருப்பேன்.
ஐந்து விநாடி அசந்தால்
எவனாவது மூக்கை நுழைப்பான்.
அவன் பிறப்பை, அவன் ஊரை, அவன் முதலாளியை
வாய் வலிக்கத் திட்டி முடித்தபின்
மறுபடி நெற்றி, மறுபடி பம்புசெட்.

அப்படித் தூங்காத மூன்றாம் நாள்
வீட்டில் சாம்பார்.
குணவதி உப்பைக் குறைத்திருந்தாள்,
எனக்காகத்தான்.
தட்டைத் தள்ளினேன்.
சுவரில் மோதி நின்றது.
ஷைனி பரீட்சைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு
பக்கத்து வீட்டுக்குப் போனாள்,
செருப்பைக்கூட ஓசைப்படாமல் மாட்டிக்கொண்டு.
நான் கேட்காத அந்த ஓசைதான்
இன்னும் காதில்.

அதற்குப் பிறகு நடந்தேன்.
வரிசை செத்துக் கிடந்த ஒரு ராத்திரி
சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கி
பெட்டிகளை எண்ணிக்கொண்டே:
நீலம், துரு, பச்சை, துரு, துரு.
இந்தப் பக்கம் அலைக்குக் கொட்டிய கருங்கல்,
அந்தப் பக்கம் இடுப்புயர டயர்கள்.
மணலிப் பக்கம் புகைபோக்கி உச்சியில் நெருப்பு,
என்னைப் போலவே கண் மூடாதது.
“இன்னா தலைவா,
வண்டியத் தொலைச்சுட்டியா?”
என்று மேலிருந்து ஒருத்தன் கேட்டான்.
மூச்சு வாங்கியதில் பதில் வரவில்லை.

அறுபது வண்டி போக,
அறுபது வண்டி வர.
அரைமணி.

ஒன்பதாம் ராத்திரியோ, பத்தாவதோ,
சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில்
கொஞ்ச நேரம் என்று சாய்ந்தேன்.
பம்புசெட்டை யாரோ நிறுத்திவிட்டார்கள்.

விழித்தபோது வெயில்.
எழுந்த வேகத்தில் கூரையில் தலை இடித்தது.
தொலைந்தேன்.
முன்னால் ஒரு கிலோமீட்டர் காலியாகக் கிடக்கும்,
பின்னால் காசிமேடே என்னைத் திட்டியிருக்கும்.

கண்ணாடிக்கு வெளியே கேட்.
காவலாள் கையை ஆட்டுகிறான்:
பேப்பர், பேப்பர்.

யாரோ ஓட்டியிருக்கிறார்கள்.
ஒரு தடவையல்ல.
தன் வண்டியை நகர்த்தி, இறங்கி நடந்து வந்து,
என் கதவைப் பூப்போலத் திறந்து, நகர்த்தி,
திரும்ப நடந்து போய்.
எத்தனை முறையோ.
அவனுக்கும் அரைமணி நடை ஆகியிருக்கும்.
சீட்டு முன்னால் இழுக்கப்பட்டிருந்தது.
வலக் கண்ணாடி
ஒரு விரல் கீழே திரும்பியிருந்தது.
என்னைவிடக் குள்ளமானவன்.

பின்வண்டிக்காரனைப் போய்க் கேட்டேன்.
முந்தாநாள் நான்
தாயைச் சேர்த்துத் திட்டியவன்.
“நானில்லப்பா” என்று கடலைப் பார்த்தான்.
உட்கார்ந்தே சொன்னதால்
உயரம் தெரியவில்லை.

இந்த மாதம்
நூற்று நாற்பத்தாறுக்குத் தொண்ணூற்று நாலு.
ரெபேக்கா உதட்டைப் பிதுக்கினாள்.
இன்னும் இறங்கணுமாம்.

ஷைனியிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.
எப்படிக் கேட்பது என்று
வண்டிகளை எண்ணும்போது யோசிக்கிறேன்,
எண்ணிக்கை தப்பிவிடுகிறது.
நேற்று அவள் டியூஷனுக்குக் கிளம்பினாள்.
செருப்பு
கொஞ்சம் சத்தம் போட்டது.