மிச்சம் ஒரு டாலர்

ஏப்ரல் கடைசியில் சாம்ப்ளெய்ன் ஏரி கரையை மீறியது.
வெர்மான்ட் பக்கம், என் புல்வெளியில் ஒதுங்கியவை:
ஒரு பிளாஸ்டிக் வாளி,
யாருடைய படகுத்துறையோ, அதன் ஒற்றைப் பலகை,
மல்லாந்த ஆமைபோல ஒரு சிவப்பு நாற்காலி.

நிமிர்த்தினேன்.
விசிறியாய் விரிந்த ஏழு பட்டிகள்,
சாப்பாட்டுத் தட்டே வைக்கலாம், அவ்வளவு அகலமான கைகள்.
உட்கார்ந்ததும் பின்னுக்கு இழுத்தது;
முகம் தானாக வானத்துக்குப் போனது.
இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான்.
நேராய் உட்காரத்தான் சம்பளம்.

நீலம் பூசினேன், இரண்டு பூச்சு.
தண்ணீர் தந்ததைத் தண்ணீர் நிறமாக்கிவிட்டால்
என்னுடையதாகிவிடும் என்றொரு கணக்கு.

ஜூனில் அலுமினியப் படகில் ஒருவர் வந்தார்,
எதிர்க்கரை நியூயார்க்கிலிருந்து. ராய்ஸ் லாஃபவுன்டன்.
தொப்பியைக் கழற்றவில்லை.
"இடமிருந்து மூன்றாவது பட்டியில் ஒரு திருகாணி பித்தளை.
அன்றைக்கு எஃகு தீர்ந்துவிட்டது."
நகத்தால் சுரண்டினேன்.
என் நீலத்துக்கு அடியில்
ஒரு மஞ்சள் புள்ளி பல்லை இளித்தது.

உட்காருங்கள், பேசலாம் என்றேன்.

சண்டைக்கு வந்தவரை இதில்தான் உட்காரவைக்க வேண்டும்.
சாய்ந்தபடி கோபப்பட வராது.
விருட்டென்று எழுந்து போகவும் வராது.
மூன்று முறை முயன்றார்;
வலது முட்டி கேட்கவில்லை.
நான் கை கொடுக்கவில்லை, காப்பி கொடுத்தேன்.
பார்க்காமலே கோப்பையை வைத்தார்,
நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் போகாத
அந்தப் பழைய வட்டத்தின் மேல், அச்சாக.

"அந்த மஞ்சள் வீடு உங்களுடையதா?
ஒன்பது வருடமாய்க் காலையில் இதில் உட்கார்ந்து பார்க்கிறேன்.
வைக்கோல் கொட்டகை என்று நினைத்திருந்தேன்."
நானும் மாலைகளில் அவர் கரையைத்தான் பார்க்கிறேன்.
சூரியனை விழுங்கும் மலைகள்;
கீழே ஆள் இருப்பார்கள் என்று தோன்றியதில்லை.

கடைசியில், பக்கவாட்டில் உருண்டு,
புல்லில் கையூன்றித்தான் எழுந்தார்.
இருவருமே பார்க்காததுபோல் இருந்தோம்.

பெயின்ட் பதினொரு டாலர் என்றேன்.
பன்னிரண்டு தந்தார். என்னிடம் சில்லறை இல்லை.

படகின் பின்பக்கம் நாற்காலி,
என்னைப் பார்த்தபடியே போனது,
ஏரியின் நீலத்தில் அதன் நீலம்
எங்கே முடிந்ததென்று தெரியாத வரைக்கும்.

புல்லில் நாலு பள்ளம்.
சமையலறை ஜன்னலில், உப்புக் குப்பிக்கு அடியில்,
நாலு கால் டாலர் காசுகள்.