அரை மணி நேரம்

சங்கரன்கோவிலிலிருந்து கழுகுமலைக்குப்
பதினோரு வருஷமாய் வண்டி ஓட்டுகிறேன்.
"வெட்டுவான் கோயில், சமணச் சிலைங்க, அவ்வளவுதான்.
அரை மணி நேரம் போதும்,
தண்ணி மட்டும் எடுத்துக்கோங்க" என்பேன்.
வேப்பமர நிழலில் சீட்டைச் சாய்த்தால்
ஹாரன் அடித்துத்தான் எழுப்ப வேண்டும்.

இன்றைக்கு அந்த அம்மாள்
மூக்குக்கண்ணாடியை வண்டியிலேயே விட்டுப் போனாள்.
அது இல்லாமல் என்னத்தைப் பார்ப்பாள்?

கைப்பிடிக் கம்பி சுட்டது.
மேலே போனால்
கோயிலைப் பார்க்கக் குனிய வேண்டியிருந்தது.
உச்சியில் தொடங்கி
பாறைக்குள் இறங்கி இறங்கிச் செதுக்கியிருக்கிறார்கள்,
கால்மாட்டுக்கு வந்து சேரவில்லை.
தெற்குப் பக்கச் சாமி மத்தளம் வாசிக்கிறார்.
விரல் நுனிவரை முடித்த வேலை.
கீழே, அம்மை விழுந்த மாதிரி உளிக்குழிகள்,
அப்புறம் வெறும் கல்.

"ஏன் பாதியில விட்டாங்க?
ராஜா மாறிட்டானா, சம்பளம் நின்னுபோச்சா?"
காவலுக்கு இருந்த கோமதிநாயகத்திடம் கேட்டேன்.
"எனக்கே மூணு மாசம் பாக்கி, அண்ணாச்சி" என்றார்.

அந்தப் பக்கம்
வரிசை வரிசையாய்ச் சம்மணமிட்டவர்கள்,
காலடியில் வட்டெழுத்து.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்து
அம்மாள் விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தாள்.
இதைச் செய்வித்தது ஒரு தச்சன்.
இது ஒரு குயவன்.
இது பாடம் சொன்ன ஒரு பெண்.

"வண்டிக்காரன் யாரும் உண்டா?"

சிரிக்கவில்லை அவள்.
பக்கத்தைப் புரட்டினாள்,
பாறையைப் பார்த்தாள்,
மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கீழே என் வண்டி
தீப்பெட்டி அளவுக்கு வெயிலில் கிடந்தது.
நிழல் எப்போதோ நகர்ந்திருந்தது.