அளவு நோட்டு

பின்கழுத்தில் ஒரு முடிச்சு, அதற்குக் கீழே
கொட்டைப்பாக்கு அளவில் ஓர் ஓட்டை.
கோட்டையூர்க் கல்யாணப் பெண் படத்தைக் காட்டி
இதேதான் வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டாள்.
வெட்டும் விதம் ஏதோ புதுத் தளத்தில் இருக்கிறதாம்.
இலவசமாம்.

செக்காலை ரோட்டில் கடைசிப் பேருந்தும் போனபின்
மெஷினுக்கு உறை போட்டுவிட்டுத் தேடினேன்.
வந்தது கழுத்து இல்லை, இரண்டு பொத்தான்:
கூகுள் வழியாக நுழைக.
ஃபேஸ்புக் வழியாக நுழைக.
நான் கொக்கியும் பொத்தானும் தைப்பது மூடுவதற்கு.
இவை தொட்டாலே திறக்கிறவை.

கீழே பொடி எழுத்து.
ஊசி கோக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தேன்.
பெயர், படம், பிறந்த நாள், மின்னஞ்சல்,
நண்பர்கள் பட்டியல்,
தொடர்புகளைப் பார்க்க அனுமதி.
ஒரு கழுத்துக்கு.

நானும் அளவெடுப்பவள்தான்.
பதினேழு வருஷமாக இந்த ஊர்ப் பெண்களின்
தோளும் மார்பும் கையிறக்கமும்
நீல அட்டை நோட்டில் என் கிறுக்கலில் இருக்கின்றன.
யார் எப்போது இளைத்தார்கள்,
எந்த மாதம் யாருக்கு இடுப்பைப் பிரித்துவிட்டேன்,
மாமியாருக்குத் தெரியும் முன் எனக்குத் தெரிந்துவிடும்.
சொன்னதில்லை.
ஓரகத்திகள் சேர்ந்து வந்தால்
ஒருத்தியை வெளியே நிறுத்திவிட்டுத்தான் நாடாவை எடுப்பேன்.
அளவெடுத்தால் ஜாக்கெட் கொடுப்பேன்.
என்ன தைக்கப் போகிறது என்று சொல்லாமல்
அளவு மட்டும் கேட்கிற கடையை
இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

என்னுடையதைக் கொடுத்திருப்பேன்.
பெயர் போர்டிலேயே இருக்கிறது:
இருளாயி டெய்லர்ஸ், லேடீஸ் மட்டும்.
பிறந்த நாள் எனக்கே தெரியாது,
பள்ளிக்கூடத்தில் போட்ட ஜூன் ஒன்று.
பட்டியல்தான் என்னுடையதில்லை.

அதில் 'கேஸ் கம்பெனி' என்று ஓர் எண்.
கேஸ் கம்பெனி இல்லை, சிகப்பி.
பள்ளத்தூரில் பெரிய வீடு. முன்வாசல் ஒரு தெரு,
பின்வாசல் வேறு தெரு.
முன்னால் அவன் மொய் நோட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது
பின்னால் அவள் நடந்துவிட்டாள்,
நான் தைத்துக் கொடுத்த சுடிதாரில்.
கல்யாணமான இருவர் சேர்ந்து
அவர்கள் கோயில் கணக்கில் ஒரு புள்ளி.
புள்ளியில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போனவளை
எப்படி எழுதியிருக்கிறார்களோ.
இப்போது எந்த ஊர், என்ன பெயர்,
இங்கேயும் சொல்ல மாட்டேன்.

அவன் வந்தான், இரண்டு முறை.
இரண்டாம் முறை நோட்டைக் கேட்டான்.
அளவு நோட்டில் ஊர் எழுதுவதில்லை என்றேன்.
கத்தரி கையில் இருந்தது. போய்விட்டான்.

அவன் நேரில் வந்து கேட்டே கொடுக்காததை
ஒரு கழுத்து ஓட்டைக்காகக்
கட்டைவிரலால் கொடுத்துவிடவா,
யாருக்கு என்றுகூடத் தெரியாமல்?
'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று
ஏதோ ஒரு மத்தியானம்
அவன் போனில் அவள் முகம் வந்து நின்றால்?
அப்படியெல்லாம் நடக்காது என்பான் என் தம்பி.
அவனுக்கு எல்லா ஆப்பும் தெரியும்.
சிகப்பியைத் தெரியாது.

பின்வாசல் இருக்கிறதா என்று பார்த்தேன்.
பெயர் சொல்லாமல் நுழைந்து
ஒரு கழுத்தை மட்டும் பார்த்துவிட்டு
அடுத்த தெருவில் இறங்கிப் போக.
இல்லை.
மூடினேன். மூடும்போதும் கேட்டது,
பிறகு நினைவூட்டவா என்று.

பழைய தினசரியை மடித்துச் சாக்குக்கட்டியால் வரைந்து வெட்டினேன்.
ஓட்டை அரை அங்குலம் பெரிதாகிவிட்டது.
இன்னொரு தாள். முடிச்சு கோணல்.
மூன்றாவது ராசிபலன் பக்கம்,
அதில்தான் சரியாக வந்தது.
வட்டம் மகரத்தின்மேல் விழுந்திருந்தது.
மகரத்துக்கு அன்றைக்கு என்ன பலன் என்று
குப்பைக்கூடைக்குத்தான் தெரியும்.