ஐந்தரைக்கு முன்

மண்டபத்தில் ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி.
கீழே கட்டி உடைக்கும் மெஷின் ஓடும்போதெல்லாம்
என் மேசையில் டீ நடுங்கும்.

நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகள்,
எல்லாம் ஒரே கோப்பில்,
எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போனது.
ஒன்று பதிந்த படகை அடுத்தது எடுத்துக்கொள்ளும்,
அது மறந்த டோக்கனை வைத்து மூன்றாவது தேறிவிடும்.
சேர்த்து ஓட்டினால் பச்சை.
தனியே கூப்பிட்டால் விழும்.
பார்த்தெழுதிப் பழகிய பெஞ்சு.

பிரித்துப் போட்டேன்.
டோக்கனுக்கு ஒரு அறை, டீசல் மானியத்துக்கு ஒன்று,
ஏலவிலை சுவருக்கு அந்தப் பக்கம்.
ஒவ்வொரு சோதனைக்கும் தனக்கென்று ஒரு படகு.
முடிந்ததும் பதிவேட்டில் சுவடில்லாமல்
அதைத் துடைத்துவிட வேண்டும்.
இல்லாத படகுகளுக்குப் பெயர் வைத்ததிலேயே
ஒரு வாரம் போனது:
நெத்திலி, ஓரா, சீலா, காரல்.
உரிமம் முடிந்த படகுக்கு மட்டும்
வலையிலிருந்து எல்லோரும் வீசியெறியும் பேத்தை.
பேத்தை வந்து கேட்டால் சர்வர் 403 சொல்ல வேண்டும்.
தவறாமல் சொன்னது.

நெத்திலிதான் தொல்லை.
பகலெல்லாம் பச்சை,
நள்ளிரவு தாண்டினால் சிவப்பு,
காலை ஆறு மணிக்கு ஒன்றுமே நடக்காதது போலப் பச்சை.
மூன்று வாரம்.
“அதை மட்டும் தாண்டிப் போகச் சொல்லுடி” என்றாள் ஷிஃபானா
கீழக்கரையிலிருந்து போனில்.
“எல்லாரும் செய்றதுதானே.”
ஒரே வரி. தாண்ட வைத்தேன்.

முதல் சனிக்கிழமை, அதிகாலை நாலேகால்.
ஜெட்டியில் முப்பத்தெட்டு விசைப்படகு,
ஐஸ் ஏற்றி, எஞ்சின் உறுமி.
ராயப்பன் போனை என் முகத்துக்கு நீட்டினார்.
*இன்று நாட்டுப்படகு நாள். டோக்கன் இல்லை.*
“அது நேத்துல்ல?”

நேற்றுதான்.
சர்வரின் கடிகாரம் சீமையில் குடியிருக்கிறது,
நம் சனிக்கிழமை அதற்கு
ஐந்தரை மணிவரைக்கும் வெள்ளி.
இதைத்தான் நெத்திலி
இரவிரவாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மடிக்கணினியை வலைக்குவியல் மேல் வைத்துத்
தேடிக்கொண்டே இருந்தேன்,
அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்குமுன்
மணி ஐந்தரை ஆனது.
டோக்கன்கள் தாமாகவே விழத் தொடங்கின.
“கைராசிக்காரப் புள்ள!”
படகுகள் கிளம்பின.
நான் எதையும் தொட்டிருக்கவில்லை.

மாடிக்கு வந்தேன். தாண்டலை எடுத்தேன்.
தேதியை நம்மூர் மணிக்குத் திருப்பினேன்.
புதிதாக ஓர் அறை, பெயர் ‘நேரம்’.
அதற்குள் கடிகாரத்தை நாலேகாலில்
ஆணியடித்து நிறுத்தினேன்.
இனி உச்சிவெயிலில் ஓட்டினாலும்
நெத்திலி இருட்டில்தான் வந்து நிற்கும்,
முகப்பு விளக்கோடு,
டோக்கன் கேட்டு.

சாயங்காலம் ராயப்பன்
ஒரு பை நண்டு கொடுத்தனுப்பினார்.
இன்னும் உயிர் இருந்தது, பை அசைந்தது.
வாங்கிக்கொண்டேன்.