ஊர் கேட்டல்

பந்து சரியாகத்தான் வந்தது, விரல் முந்திவிட்டது.
ஹெவ்லொக் திடலில்
பெயின்ட் கொம்பனிக்கும் லீசிங் கொம்பனிக்கும்
வலைப்பந்து, மூன்றாம் குவார்ட்டர்.
குனிந்து பார்த்தேன்.
இடக்கை மோதிரவிரல் நடுமூட்டில்
ஒரு படி முளைத்திருந்தது.
முதலில் வந்தது வலியல்ல, வெட்கம்,
உடுப்பு விலகினதுபோல.

"இழுத்துவிடட்டா?" என்றாள் சென்டர் ஆடும் நிலூஷி.
"தொட்டியோ, கொன்றுபோடுவன்" என்றேன், தமிழில்.
விளங்கிக்கொண்டாள்.

பெரியாஸ்பத்திரி, விபத்துப் பிரிவு.
மோட்டார்சைக்கிள்கள் மூன்றுபேரை அனுப்பியிருந்தன,
கொத்துரொட்டித் தகடு ஒருவரை.
அந்த வாங்கில் என் விரல் சின்ன விஷயம்.
"மோதிரத்தைக் கழற்றுங்கோ" என்ற தாதி
பிறகுதான் கையைப் பார்த்தாள்.
அது கொட்டாஞ்சேனையில் அடகில்.
போன மாதம் மீட்காமல் விட்டது
நல்லதாய்ப் போயிற்று.

எக்ஸ்ரேயில் உடைவு இல்லை, கத்தியும் வேண்டாமாம்.
ஓர் எலும்பின் முதுகில் இன்னோர் எலும்பு
உப்புமூட்டை ஏறியிருந்தது.
அடிவிரலில் இருபக்கமும் ஊசி.
விரல் கொஞ்சம் கொஞ்சமாய்
வேறொருத்தியுடையதானது.

டொக்டர் நுனியில் துணி சுற்றிப் பிடித்தார்.
பிடித்தபடியே முகத்தைப் பார்த்து,
"கம கொஹேத?"
ஊர் எது.

தெஹிவளைப் பாலத்தடியில்
பஸ்ஸால் இறக்கி, டோர்ச் அடித்து,
அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிக்
கேட்ட அதே கேள்வி.
எனக்குப் பத்தொன்பது.
பிறந்த ஊர், வந்த காரணம், லொட்ஜ் விலாசம், பொலிஸ் பதிவு,
எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவிக்கப்
பாடமாக்கி வைத்திருந்தேன்.
நாக்கு இன்னும் மறக்கவில்லை.
"பு..." என்று தொடங்கினேன்

டக்.

பதிலுக்கு அவர் காத்திருக்கவேயில்லை.
எல்லாரிடமும் கேட்பாராம்.
கவனம் ஊருக்குப் போகிற நேரத்தில்
ஓர் இழுப்பு, மேலிருந்து ஒரு தள்ளு.
வெலிகமக்காரர் ஒருவர்
ஊர், ஒழுங்கை, பன்சலைக்குப் பின்வீடு
எல்லாம் சொல்லிமுடித்தும்
விரல் இறங்கவில்லையாம். சிரித்தார்.
மடக்கச் சொன்னார், மடக்கினேன்.
நடுவிரலோடு சேர்த்துப் பிளாஸ்டர்,
மூன்று கிழமை.

ஓட்டோ மருதானை தாண்டுகையில்
மரப்பு விட்டது.
வலி தன்பாட்டில் வந்து பக்கத்தில் இருந்தது.
ஒரு குற்றமும் செய்யாத நடுவிரலையும்
சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தார்கள்.

கொச்சிக்கடையில் இறங்கி
ஒற்றைக் கையால் காசு எண்ணும்போது
சொல்லிப் பார்த்தேன்:
புளியங்கூடல்.
"என்ன மிஸ்?" என்றார் ஓட்டோக்காரர்.
ஒன்றுமில்லை.
மிச்சத்தை வைத்துக்கொள்ளுங்கோ.