நாற்பது புழுக்கள்

நிஸ்வா. செப்டம்பர். வெளியே நாற்பத்து நான்கு டிகிரி.
ஆய்வகத்தில் நான் ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன்.

பெட்டி காலை ஒன்பதுக்கு வந்தது:
கலாஸ் பேரீச்சை, இருபது கிலோ.
பிளந்தால் கொட்டையைச் சுற்றி நூலாம்படை,
பொடிப்பொடியாய் எச்சம், நடுவில்
வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு சோம்பல்.
கூடவே அரபியில் ஒரு கடிதம்:
கிடங்கின் அசுத்தமே காரணம் எனச் சந்தேகம்.
பொறுப்பாளர் சவரிமுத்து மிக்கேல். சம்பளம் நிறுத்திவைப்பு.
பாஸ்போர்ட் நகல் இணைப்பு. பிறந்த இடம் வேம்பார்.

"உங்க ஊரா?" என்றார் மொஹ்சின்.
"பக்கம்தான்" என்றேன். நூறு கிலோமீட்டர் இருக்கும்.
இங்கிருந்து பார்த்தால் பக்கம்தான்.

அந்துப்பூச்சிகள் இரண்டு, பங்காளிகள்.
ஒன்று மரத்திலேயே குலைக்குள் முட்டையிடும்.
மற்றது சாக்கும் இருட்டும் தேடிக் கிடங்குக்கு வரும்.
அதே சாம்பல் சிறகு, அதே கோணல் கோடு.
வயிற்று நுனியைப் பிரித்து லென்ஸில் வைத்தால்தான்
யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும்.
புழுவுக்கு அதுவும் கிடையாது.

ஆகவே நாற்பது குழாய், நாற்பது துணுக்கு.
சூடு, குளிர், சூடு என்று
முப்பத்தைந்து முறை இயந்திரம் மூச்சுவிடுவதற்குள்
தாய்வழி மட்டுமே இறங்கிவரும் ஓர் எழுத்துவரி
கோடிக்கணக்கில் பெருகிவிடும்.
நான் தேநீர் குடிப்பேன்.

கடிதத்தில் கைபேசி எண் இருந்தது. அழைக்கவில்லை.
அழைத்தால் "அக்கா" என்பான்.

நீல வெளிச்சத்தில் ஜெல்லைக் கிடத்தினேன்.
மேலே நின்றால் தோட்டம், கீழே இறங்கினால் கிடங்கு.
மேலே. மேலே. மேலே.
பதினொன்றும் மேலே. இருபதும்.
முதலாளியின் சொந்த மரத்திலிருந்து,
அவர் வலை போர்த்தாமல் விட்ட குலையிலிருந்து
ஏறி வந்திருக்கின்றன.
சிரித்துவிட்டேன் போல; மொஹ்சின் திரும்பிப் பார்த்தார்.

இருபத்தாறு, கீழே.
ஜெல் கிழிந்திருக்கலாம். மறுபடி ஓட்டினேன்.
இருபத்தாறு. முப்பத்தொன்று. முப்பத்தெட்டு.
மூன்றும் கீழேயேதான்.

அறிக்கையில் சவரிமுத்துக்கு இடமில்லை.
மாதிரி எண், கோட்டின் அளவு, இனம், அவ்வளவு.
முப்பத்தேழு என்று எழுதிவிட்டு
மூன்றுக்கு முன்னால் கை கழுவ எழுந்துபோனேன்.
பச்சைத் தண்ணீர்க் குழாயிலும் வெந்நீர்தான் வந்தது.

வந்து எழுதினேன்: மூன்று.
அதன்கீழ், படிவம் கேட்காத ஒரு வரி:
கிடங்கில் இறங்கும் முன்பே
முப்பத்தேழும் பழத்துக்குள் இருந்தன.

மொஹ்சின் படித்தார். பேனாவை எடுத்து
'இருந்தன' என்பதை
'இருந்திருக்கக்கூடும்' ஆக்கினார்.
பிறகு கையெழுத்திட்டார்.